இருநூற்றுப் பதினேழாவது கல்லுக்குப் பின்னால்

ஒரு காலத்தில் ஒரு கண்மாய் இருந்தது. கண்மாய் என்றதும் தண்ணீரை நினைத்துக்கொள்ளாதீர்கள். மூன்று வருஷமாக அதற்குள் வெயில்தான் குடியிருந்தது. மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். "உனக்கு எவ்வளவு ஆழம்?" "முழங்கை அளவு." "எனக்கு முழங்கால் அளவு." இதைத் தவிர அவற்றுக்கு வேறு பேச்சு கிடையாது.

அந்தக் கண்மாய்க்குள் ஒரு நாள் தேனம்மை வந்து இறங்கினாள். அவள் சிற்பி. ஆனால் உளி கிடையாது, சுத்தியல் கிடையாது, சிமெண்டு கிடையாது. கிடக்கிற கல்லையும் மண்ணையும், விழுந்த ஓலையையும் எடுத்து அதே இடத்தில் ஒரு ஒழுங்கில் அடுக்கி வைத்துவிட்டுப் போய்விடுவாள். காற்று கலைத்தால் கலைக்கட்டும், மழை கொண்டுபோனால் போகட்டும் என்பாள். இதைச் சிற்பம் என்று நாலு பேர் முன்னால் சொல்லத் துணிச்சல் வேண்டும். அது அவளிடம் மூட்டை மூட்டையாக இருந்தது.

மூன்று மாசம் ஒற்றை ஆளாக வேலை செய்தாள். சுற்றுவட்டாரத்தில் மேடு, ஓடை, தரிசு என்று ஓர் இடம் விடாமல் அலைந்து, கற்களைத் தூக்கி வந்தாள். மொத்தம் இருநூற்றுப் பதினேழு. கண்மாய்க்கு நட்ட நடுவில் இடுப்பளவு குழி ஒன்று தோண்டினாள். குழியின் ஓரத்தில் முதல் கல்லை வைத்தாள். அதன் பின்னால் இரண்டாவது, அதன் பின்னால் மூன்றாவது. கல் வரிசை குழியைச் சுற்றிச் சுற்றி அகன்றுகொண்டே வெளியே வந்து, வரத்துக்காலுக்குப் பத்தடி தள்ளி நின்றது. வரத்துக்கால் என்றால் வேறொன்றுமில்லை, மழைத் தண்ணீர் கண்மாய்க்குள் வருகிற வாய்க்கால்தான்.

வேலை முடிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கற்களிடம் பேசினாள். சிற்பிகள் கல்லோடு பேசுவது உலக வழக்கம்தான். கல் பதில் பேச ஆரம்பித்தால்தான் சங்கடம்.

"மழை வந்தா தண்ணி அந்த வாய்க்கால் வழியா வரும். உங்க வரிசைக்கு இடையில இருக்கிற தடத்துல சுத்திச் சுத்தி நடந்து, நடுவுல இருக்கிற குழிக்குள்ள வந்து உட்காரும். அதுல வானம் தெரியும். அதுதான் சிற்பம். நான் செஞ்சது பாதி, தண்ணி செய்யப்போறது பாதி."

"அப்ப நாங்க?" என்று கேட்டது முதல் கல். கறுத்த, உருண்டைக் கல் அது.

"நீங்க வழி காட்டுறீங்க."

"அவ்வளவுதானா?" என்றது முதல் கல். அதன் குரலில் இருந்த குறையைத் தேனம்மை கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டும்.

குழி மட்டும் பரபரத்தது. அது பிறந்தே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. இதுவரை அதற்குள் வந்தது ஒரே ஒரு வெட்டுக்கிளி. அதுவும் வந்த வேகத்தில் வெளியே குதித்துவிட்டது.

"அம்மா, நெசமாவே தண்ணி எனக்குள்ள வந்து உட்காருமா?"

"உட்காரும்."

"என் விளிம்பு வரைக்கும் வருமா?"

"வரும். அதுக்குத்தானே உன்னைத் தோண்டினேன்? தண்ணி வரலைன்னா நீ வெறும் பள்ளம், நான் வெறும் கல்லு பொறுக்கினவ."

குழிக்கு அன்றிலிருந்து வேறு நினைப்பே இல்லை. மேகம் ஒரு துணுக்கு தெரிந்தாலும் வாயை இன்னும் கொஞ்சம் அகலமாகத் திறந்துகொள்ளும். தேனம்மையும் கிளம்பிப் போகாமல் கரையில் ஒரு கொட்டகை போட்டுக்கொண்டு மழைக்காகக் காத்திருந்தாள்.

இங்கே கரைக்கு அப்பால் இருந்த ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். தண்ணீர் வற்றியதிலிருந்து அந்த ஊரார் கண்மாய்ப் பக்கமே எட்டிப் பார்த்தது கிடையாது. ஊருக்கு நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணி லாரி வரும். எந்நேரம் வரும் என்பது லாரிக்கே தெரியாது. நாள் முழுக்க வரிசையில் நிற்க யாருக்கு முடியும்? அதனால் ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து வரிசையில் வைத்துவிட்டு அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. அண்ணன் தம்பி வரப்புக்காக மண்டையை உடைத்துக்கொள்வார்கள். பங்காளிகள் கோழிக்காகப் பஞ்சாயத்துக்குப் போவார்கள். ஆனால் வரிசையில் வைத்த கல்லை ஒருத்தரும் ஒரு விரற்கடை நகர்த்தியது கிடையாது. அப்படி ஒரு மானஸ்தர் ஊர் அது.

ஒரு நாள் காலையில் அழகுமீனாள் விறகுக்கட்டோடு கண்மாய்க்கரையில் வந்தாள். கீழே பார்த்தாள். கல். கல்லுக்குப் பின்னால் கல். அதன் பின்னால் கல். விறகை அப்படியே கீழே போட்டாள்.

"அடியாத்தீ! இம்புட்டுப் பேரா எனக்கு முன்னாடி வந்துட்டாக? என் காதுல ஒருத்தியும் ஒரு வார்த்தை போடலையே!"

எதற்கான வரிசை என்று அவள் யோசிக்கவில்லை. இருநூறு பேர் நிற்கிறார்கள் என்றால் ஒன்றுமில்லாததற்கா நிற்பார்கள்? வீட்டுக்கு ஓடினாள். அடுப்புக்கு முட்டுக் கொடுத்திருந்த மூன்று கல்லில் ஒன்றை உருவிக்கொண்டு வந்து, இருநூற்றுப் பதினேழாவது கல்லுக்குப் பின்னால் வைத்தாள். வைத்த பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

அந்தி சாய்வதற்குள் இன்னும் நாற்பது கல் வந்துவிட்டது.

வரிசைக்குள் பேச்சு கிளம்பியது. இருநூற்றுப் பதினேழாவது கல் திரும்பிப் பார்த்து, "யாரப்பா நீ, முதுகுல இடிக்கிறே?" என்றது.

"நான் அழகுமீனாள்" என்றது அடுப்புக்கல்.

"விளையாடாதே. நீ கல்லு."

"அது வீட்டுல. வரிசையில நான் அழகுமீனாள். மேலத்தெரு. வீட்டுல நாலு உருப்படி. ஆமா, நீ யாரு?"

இருநூற்றுப் பதினேழாவது கல் விழித்தது. அதற்கு ஆள் கிடையாது. தனக்கு முன்னால் இருந்த கல்லைக் கேட்டது. அதற்கும் இல்லை. கேள்வி ஒவ்வொரு கல்லாகச் சுற்றிச் சுற்றி உள்ளே போனது. "நீ யாரு?" "தெரியலையே, நீ யாரு?" கடைக்கோடியில் முதல் கல்லிடம் வந்து சேர்ந்தது.

முதல் கல் தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நான் முதல் ஆள்" என்றது.

அவ்வளவுதான். இரண்டாவது கல் தன்னை இரண்டாவது ஆள் என்றது, மூன்றாவது தன்னை மூன்றாவது என்றது. வழி காட்டுகிற வேலையை அந்த நிமிஷமே எல்லாம் மறந்துபோயின. குழிதான் பதறியது.

"ஐயாமாரே, இங்க எதுக்கு நிக்கிறீங்க? எங்கிட்ட ஒண்ணுமே இல்லையே!"

"இல்லைன்னு சொன்னா உள்ள இருக்குன்னு அர்த்தம்" என்றது முதல் கல்.

"சத்தியமா இல்லை. எட்டிப் பாருங்க."

"இன்னைக்கு இல்லைன்னா நாளைக்கு வரும். நாங்க வரிசையிலதான் நிக்கிறோம். எங்களை ஏய்க்கப் பார்க்காதே."

அரிசி வாங்க முதல் நாள் விடியுமுன்னே பக்கத்து ஊருக்குப் போயிருந்த தேனம்மை, மறுநாள்தான் திரும்பி வந்து பார்த்தாள். சுருளுக்கு வால் முளைத்திருந்தது. வால் வளைந்து நெளிந்து வாய்க்கால் பக்கம் போய்க்கொண்டிருந்தது. ஓடிப்போய் அந்த அடுப்புக்கல்லில் கை வைத்தாள்.

"ஏத்தா! வைக்காதே கையை... இல்லை, எடு கையை!" என்று கத்திக்கொண்டே அழகுமீனாள் ஓடிவந்தாள். அவள் பின்னால் ஊரே வந்தது. ஊருக்கு முன்னால் வெள்ளைக்கண்ணு வந்தார். வரிசைத் தகராறுக்கெல்லாம் நியாயம் சொல்கிற ஆள் அவர். யாரும் அவரை அந்த வேலைக்கு வைக்கவில்லை. அவராகச் சேர்ந்துகொண்டார்.

"அக்கா, இது வரிசை இல்லைக்கா. சிற்பம்" என்றாள் தேனம்மை.

"அதைத்தான் குடுக்குறாகளா? ஒரு ஆளுக்கு எத்தனை?"

"ஐயோ, ஒண்ணும் குடுக்கலைக்கா!"

"ஒண்ணும் குடுக்காமயா இருநூத்துச் சொச்சம் பேரு வெயில்ல நிக்கிறாக? என்னைப் பார்த்தா கூறுகெட்டவ மாதிரி இருக்கா?"

வெள்ளைக்கண்ணு கையை உயர்த்தினார். "இருங்க, இருங்க. ஏம்மா, முன்னாடி நிக்கிற இருநூத்திப் பதினேழு பேரும் எந்த ஊரு ஆளுக? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"ஆளே இல்லைண்ணே. அத்தனையும் நான் வச்ச கல்லு."

சொல்லியிருக்கக் கூடாது. உண்மைதான், ஆனாலும் சொல்லியிருக்கக் கூடாது. கூட்டம் வெடித்தது.

"ஒருத்தியே இருநூத்திப் பதினேழு இடமா?"

"நல்லா இருக்கே நியாயம்! நாங்க ஒத்தைக் கல்லை வச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறோம்!"

"எத்தனை வயிறுத்தா உனக்கு?"

தேனம்மைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. "சரி, நான் வச்சதை நானே எடுத்துடுறேன். எல்லாத்தையும் எடுத்துடுறேன். நீங்களும் எடுத்துக்குங்க" என்றாள்.

"அது முடியாதும்மா" என்றார் வெள்ளைக்கண்ணு. "ஒரு ஆளுக்கு ஒரு கல்லுங்கிறது சட்டம். வச்ச கல்லை நகர்த்தக் கூடாதுங்கிறதும் சட்டம். ரெண்டையும் காப்பாத்தணும்." கண்ணை மூடி யோசித்தார். தீர்ப்பு வந்தது. "முதல் கல்லு உங்களுது. மிச்சம் இருநூத்திப் பதினாறும் வெளியூர் ஆளுக. நேர்ல பார்த்ததில்லையே ஒழிய, ஆளுக உண்டு. அப்படி வச்சுக்குவோம்."

ஊர் ஏற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அந்த வெளியூர்க்காரர்கள் மேல் ஊருக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. "எம்புட்டுப் பொறுமையான சனம், பாரு. இடிக்கலை, முந்தலை, ஒரு வார்த்தை பேசலை" என்று தங்கள் பிள்ளைகளுக்குக் காட்டிச் சொன்னார்கள்.

வரிசை வளர்ந்தது. ஆனால் ஊரில் கல் தீர்ந்துபோனது. தீராமல் என்ன செய்யும்? சுற்றுவட்டாரத்துக் கல் முழுவதையும் தேனம்மைதான் ஏற்கனவே பொறுக்கியிருந்தாளே! அதனால் செங்கல் வந்தது. மண்சட்டி வந்தது. உலக்கை வந்தது, ஆனால் உலக்கைக்கு மூன்று ஆள் இடம் பிடித்துக்கொள்கிற கெட்ட பழக்கம் இருந்ததால் அதை நட்டுவைத்தார்கள். இப்படியே வரிசை வாய்க்கால் வாய்க்குள் நுழைந்து, அதை அடைத்துக்கொண்டு நின்றது. நாள் முழுக்க வரிசையை ஒழுங்குபடுத்தியதில் வெள்ளைக்கண்ணுவுக்குத் தன் கல்லை வைக்க மறந்துபோனது. எல்லோருக்கும் பின்னால் தன் இடது கால் செருப்பைக் கழற்றி விட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு நொண்டிக்கொண்டு போனார். கடைசி ஆளாகிப்போன வருத்தத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாலாம் நாள் தண்ணி லாரி வந்தது. ஊருக்குள் ஒரு கல் கூட இல்லை. லாரி ஆரன் அடித்துப் பார்த்தது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த ஜனம், லாரிக்கு முன்னால் வரிசையே இல்லாததைப் பார்த்தது.

"நல்ல தண்ணியா இருந்தா வரிசை நின்னிருக்குமே" என்றாள் அழகுமீனாள்.

ஒரு குடம் கூட வெளியே வரவில்லை. லாரிக்கு அவமானமாகப் போய்விட்டது. அது நிறைவயிற்றோடு திரும்பிப் போனது, அப்புறம் வரவே இல்லை. வீட்டுக்கு வீடு குடங்கள் காய்ந்தன. பானைகள் காய்ந்தன. ஆனாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வரிசையில் இடம் இருந்ததே!

தேனம்மைக்குத்தான் தூக்கம் போனது. உச்சி வெயிலில், ஊர் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, முதல் கல்லிடம் போய்க் குந்தினாள்.

"உன்னைத் தூக்கிட்டு வந்தவ நான். ஓடைக்குள்ள குப்புறக் கிடந்தே. கொஞ்சம் நகர்ந்துக்கோயேன். நீ நகர்ந்தா மத்ததும் நகரும். வாய்க்கால் வாய் திறந்துடும்."

"நீ யாரு அதைச் சொல்ல?" என்றது முதல் கல். "ஓடையில கிடந்தப்ப என்னை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கலை, வாஸ்தவம். இப்ப எனக்குப் பின்னாடி முந்நூறு பேரு. திரும்பவும் கல்லா இருன்னா எப்படி இருப்பேன்?"

"தண்ணி வர்ற வழிப்பா அந்த வாய்க்கால்!"

"வரட்டுமே. நானா வேண்டாங்கிறேன்?"

இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். தானே ஒற்றைக் கையில் தூக்கி வந்த கல்தான். இப்போது அசைய மறுத்தது. பதவி ஏறினால் எடையும் ஏறிவிடும் போலிருக்கிறது.

"அம்மா" என்று கூப்பிட்டது குழி. அதன் குரல் வற்றிப்போயிருந்தது. ஓரங்களில் மண் உதிர்ந்துகொண்டிருந்தது. "தண்ணி வரும்தானே?"

தேனம்மைக்குப் பயமாக இருந்தது. ஆனாலும், "வரும்டா" என்றாள். உதிர்ந்த மண்ணை அள்ளி வெளியே போட்டாள்.

அன்று பிற்பகலே மேற்கே கறுத்தது. மலைப்பக்கம் இடி உருண்டது. கண்மாயில் ஒரு சொட்டு விழவில்லை, ஆனால் மேற்கே மலையில் கொட்டு கொட்டென்று கொட்டுவது கண்ணுக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் தூரத்தில் சலசலப்பு கேட்டது. மூன்று வருஷமாகக் கேட்காத சத்தம்.

"தண்ணி! வாய்க்கால்ல தண்ணி வருது!" என்று கத்திக்கொண்டே தேனம்மை வரத்துக்காலுக்கு ஓடினாள். சத்தம் கேட்டு ஊரும் ஓடிவந்தது. வந்த ஜனம் குடத்தோடு வரவில்லை. தள்ளுமுள்ளு வந்தால் தங்கள் இடம் பறிபோய்விடும் என்று அவரவர் கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது.

"அக்கா, அண்ணே, உங்களைக் கும்பிட்டுக் கேக்குறேன்! இந்த வாய்க்கால் வாயை மட்டும் விடுங்க! கண்மாய் நிறைஞ்சுடும்! உங்க குடம் நிறையும்! அந்தக் குழி நிறையும்!" அவள் கை கூப்பியபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள்.

அழகுமீனாளின் நாக்கு உலர்ந்து அண்ணத்தில் ஒட்டியிருந்தது. காலையிலிருந்து வீட்டில் உலை வைக்கவில்லை. அவள் குனிந்து தன் அடுப்புக்கல்லில் கை வைத்தாள்.

"என்னை எடுத்துட்டா நீ எங்க நிப்பே?" என்றது அடுப்புக்கல்.

அவள் தலையைத் திருப்பினாள். "அண்ணே, எடுத்தா என் இடம் போயிருமா?"

"போயிரும் தாயி" என்றார் வெள்ளைக்கண்ணு. "எல்லாரும் ஒரே நேரத்துல எடுத்தா ஒண்ணும் ஆகாது. ஆனா மொதல்ல எடுக்குறவுக இடம் போயிரும்."

எல்லோரும் எல்லோரையும் பார்த்தார்கள். யார் கையும் முதலில் அசையவில்லை. அழகுமீனாள் மெதுவாகக் கையை எடுத்துத் தன் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

அதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. செத்தை, சருகு, ஆட்டுப்புழுக்கை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தது. மூன்று வருஷம் வராமல் இருந்துவிட்டோமே என்ற குற்ற உணர்ச்சி வேறு அதற்கு. தொலைவில் குழி தன் தொண்டை கிழியக் கூப்பிட்டது. "இங்க! இங்க வா! நான் இங்க இருக்கேன்!"

தண்ணீர் நிமிர்ந்து பார்த்தது. எதிரே கல், செங்கல், சட்டி, உலக்கை, அவற்றின் பக்கத்தில் அத்தனை ஜனம். எல்லாம் ஒழுங்காக, வாய் பேசாமல் நின்றன. இத்தனை பேர் இத்தனை நாளாகக் காத்திருக்கும்போது, தாமதமாக வந்த தான் குறுக்கே புகுந்து முன்னால் போனால் நன்றாகவா இருக்கும்? தண்ணீருக்குக் கூச்சமாக இருந்தது. அது வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுங்கி, மெல்லிய குரலில் கேட்டது.

"இங்க கடைசி யாருங்க?"

"நான்தான்" என்றது செருப்பு.

தண்ணீர் அதன் பின்னால் போய் நின்றது.

வெள்ளைக்கண்ணு ஒற்றைச் செருப்போடு ஒரு துள்ளுத் துள்ளினார். "அப்பாடா! எனக்குப் பின்னாடியும் ஒரு ஆளு வந்தாச்சு!"